குட்டிக் கோச்சியும் எங்கள் பெண்பிள்ளைகளும்

நுவரெலியா விக்டோரியா பூங்காவின் கோடியில், சிறுவர் விளையாடும் பக்கத்தில், குட்டிக் கோச்சி ஒன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கே போய்ச் சற்று நேரம் நின்று பாருங்கள். ஆறு வயதுப் பெண்பிள்ளை இறங்கி வந்ததும் கேட்கும் முதற்கேள்வி, "வாப்பா, இது எப்பிடி ஓடுது?" என்பதுதான். அதே குடும்பத்தில் பதினாறு வயது மூத்தவள் ஒரு ஓரமாக நின்று தங்கச்சியைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கேள்வி எதுவும் இருக்காது. இந்தப் பத்து வருடத்துக்குள் அந்தக் கேள்வி எங்கே போனது என்பதுதான் என்னுடைய கவலை. பௌதிகவியல் கற்பிக்கிற எனக்கு அது தொழில்சார்ந்த கவலையும்கூட.

ஒரு பொழுதுபோக்கைப் பற்றியே எழுதப் போகிறேன். பெற்றோர்கள் "பொழுதுபோக்கா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

உலகத்தின் சில பகுதிகளில், குறிப்பாக இங்கிலாந்தில், மனிதர் ஏறிப் போகக்கூடிய சின்ன நீராவி ரயில்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதும் ஏறுவதும் குடும்பங்களின் வார இறுதி வழக்கம். எங்கள் பெரிய பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஐந்தரை அடி இருக்கிறது. அந்தச் சின்னப் பாதைகளிலோ அது ஏழேகால் அங்குலம், இல்லாவிட்டால் ஐந்து அங்குலம்தான். ஐந்து அங்குலம் என்றால் உங்கள் கைச்சாண் ஒன்றைவிடக் குறைவு. அதன் மேலே நிற்கும் எஞ்சின் உம்மாவின் தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதற்குள்ளே உண்மையான நிலக்கரி எரிகிறது, உண்மையான நீர் கொதிக்கிறது. வளர்ந்த மனிதர்கள் ஏழெட்டுப் பேரை வரிசையாக உட்காரவைத்து அது இழுத்துக்கொண்டு போகிறது.

கணவரின் மேற்படிப்புக்காக நாங்கள் இரண்டு வருடம் இங்கிலாந்தில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு இப்படியான இடங்களுக்குப் போவது எங்கள் பழக்கமாயிற்று. முதலில் காசு மிச்சம் என்பதற்காகவே போனோம். சினிமாவுக்கும் கடைத்தெருவுக்கும் ஆகிற செலவில் பத்தில் ஒன்றுகூட ஆகாது. பொதுப் பூங்காவின் ஒரு மூலையில் ஒரு சங்கத்தார் பாதை போட்டிருப்பார்கள். சில இடங்களில் பாதை நிலத்திலேயே இருக்கும். சில இடங்களில் இடுப்பளவு உயரத்தில், தூண்களின் மேலே ஓடும். உயரப் பாதையில் குதிரையில் ஏறுவதுபோல இருபக்கமும் கால் தொங்கவிட்டு உட்கார வேண்டும். எங்கள் உடுப்புக்கு அது சரிப்படாது என்று நான் ஒதுங்கி நின்றேன். வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஒன்றும் கேளாமலே, பக்கவாட்டில் உட்காரக்கூடிய பெட்டியொன்றைக் கொண்டுவந்து கோத்துவிட்டார். சின்ன விடயம்தான், ஆனால் எனக்கு மறக்கவில்லை.

அங்கே நான் கண்ட முக்கியமான சங்கதி ரயில் ஓடுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலம். பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதில்லை. ரயில் ஓடும்போது வந்து, ஏறி, இறங்கிப் போய்விடுகிறார்கள். நாங்கள் நேரத்தோடு போவோம். எஞ்சின் அப்போது குளிர்ந்து கிடக்கும். கொதிகலனில் தண்ணீர் மட்டம் பார்ப்பார்கள். விறகுச் சிராய்களை எண்ணெயில் நனைத்து நெருப்பு மூட்டி, பிறகு கைப்பிடி அளவில் நிலக்கரி போடுவார்கள். அமுக்கமானியின் முள் அசையவே நெடுநேரம் எடுக்கும். அதற்குள் ஒவ்வொரு மூட்டிலும் எண்ணெய் விட்டுவிடுவார்கள். எங்கள் ஸ்டோரில் வேலை தொடங்குமுன் டீமேக்கர் ஐயா சுற்றிவந்து ஒவ்வொரு உருளையையும் தொட்டுப் பார்ப்பாரே, அதே கண்ணும் அதே கையும்.

அங்கே ஒரு நாள் மகள் கேட்ட கேள்வி: "உம்மா, ஏன் 'சுக் சுக்' என்ற சத்தம் வருது?" பதில் எனக்குத் தெரியும், புத்தகத்திலிருந்து. ஆனால் அந்த எஞ்சினின் பக்கத்தில் நின்று சொன்னபோதுதான் அதன் அழகு எனக்கே விளங்கியது. நீராவி உருளைக்குள் போய் முசலத்தைத் தள்ளுகிறது. வேலை முடித்த ஆவியைச் சும்மா வெளியே விட்டுவிடாமல் புகைபோக்கிக்குள் ஒரு சிறிய குழாய் வழியாக மேல்நோக்கிப் பாய்ச்சுகிறார்கள். அது பாயும்போது புகையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பினால் நெருப்புப் பெட்டிக்குள் புதிய காற்று வருகிறது, நெருப்பு சீறி எரிகிறது. எஞ்சின் ஏற்றத்தில் கஷ்டப்பட்டால் ஆவி பலமாகப் பாயும். பலமாகப் பாய்ந்தால் நெருப்பு இன்னும் கூடுதலாக எரியும். ஆக, எவ்வளவு உழைப்போ அவ்வளவு நெருப்பு. யாரும் வந்து விசிறத் தேவையில்லை. ஒவ்வொரு 'சுக்' சத்தமும் ஓர் உருளை தன் ஆவியை வெளியேற்றும் ஒரு தடவை. என் வகுப்பில் எத்தனையோ வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டியும் ஏறாத விடயம், ஏழு வயதுப் பிள்ளைக்கு அங்கே ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது.

இன்னொரு புதிர் சொல்கிறேன், உயர்தர மாணவியர் யோசித்துப் பார்க்கலாம். கொதிகலனுக்குள் அமுக்கம் அதிகம். ஓடும்போது தண்ணீர் குறைந்தால் புதுத் தண்ணீரை உள்ளே செலுத்த வேண்டும். உள்ளேயிருக்கும் அமுக்கமோ அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. பிரான்ஸ் தேசத்து ஹென்ரி ஜிபார்ட் என்பவர் 1858இல் இதற்கு ஒரு கருவி கண்டுபிடித்தார். அசையும் உறுப்பு எதுவும் இல்லாமல், அதே கொதிகலனிலிருந்து எடுத்த ஆவியைக்கொண்டே, அதே கொதிகலனுக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது அது. தன் அமுக்கத்தாலேயே தன்னை வெல்வது எப்படி? விடையை நான் இங்கே எழுதப் போவதில்லை. குறுகிய குழாயில் ஆவிக்கு என்ன வேகம் வரும், அது குளிர்ந்த நீரில் பட்டு ஒடுங்கினால் என்ன ஆகும் என்று தொடங்குங்கள். விடை கண்டவர்கள் ஆய்வுகூடத்துக்கு வாருங்கள், தேநீர் என் செலவு.

சின்னதாகச் செய்வது சுலபம் என்று நினைக்க வேண்டாம். பெரிய எஞ்சினைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் பரப்பு 144இல் ஒன்றாகும், கனவளவு 1728இல் ஒன்றாகும். அப்படியென்றால் தண்ணீரின் அளவோடு ஒப்பிடும்போது வெப்பம் தப்பிப் போகும் பரப்பு பன்னிரண்டு மடங்கு கூடிவிடுகிறது. சின்னக் குழந்தைக்குத்தான் குளிர் சீக்கிரம் பிடிக்கும் என்று நம் வீட்டு மூத்தவர்கள் கம்பளி சுற்றுவதும் இதே கணக்குத்தான். பெரிய எஞ்சினின் படத்தை வைத்து எல்லாவற்றையும் அப்படியே சுருக்கினால் குட்டி எஞ்சின் ஓடாது. குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக்க வேண்டும்.

இந்தக் கணக்கை உலகத்துக்குச் செய்து காட்டியவர்களில் ஒருவர் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர். இங்கிலாந்தில் 1898இல் தொடங்கிய 'மொடல் எஞ்சினியர்' என்ற சஞ்சிகையில் பல்லாண்டு எழுதினார். 1920களில் அங்கே ஒரு பெரிய வாதம் நடந்தது. இவ்வளவு சின்ன எஞ்சினில் நிலக்கரியை எரித்து, உண்மை எஞ்சினைப் போன்ற கொதிகலனோடு ஓட்ட முடியுமா, இல்லை ஸ்பிரிட் விளக்கில் ஓடும் விளையாட்டுச் சாமானோடு நிற்க வேண்டியதுதானா என்பது அந்த வாதம். அவர் இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் நிலக்கரி எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, ஆட்களை ஏற்றி இழுக்கவைத்துக் காட்டினார். வாதம் அத்தோடு அடங்கிற்று. அந்த எஞ்சினுக்கு அவர் வைத்திருந்த பெயர் ஆயிஷா! என் வகுப்பிலும் இரண்டு ஆயிஷாக்கள் இருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொன்ன அன்று இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவருடைய எழுத்தின் சிறப்பு, பெரிய தொழிற்சாலை இல்லாதவனும் வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்னக் கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடியபடி படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தது. அப்படிக் கற்றவர்களின் வழிவந்தவர்கள்தாம் இன்றைய ஞாயிற்றுக்கிழமைச் சங்கத்தார்.

பெற்றோர்களுக்கு உடனே வரும் பயம் வெடிப்பு. நியாயமான பயம். அங்கே எந்தக் கொதிகலனையும் சோதனை இல்லாமல் ஓட்ட விடுவதில்லை. புதிதாகச் செய்த கொதிகலனை முழுக்கக் குளிர்ந்த தண்ணீரால் நிரப்பி, அது தாங்க வேண்டிய அமுக்கத்தைப்போல இரு மடங்கு கொடுத்துப் பார்க்கிறார்கள். ஏன் தண்ணீர்? ஆவி சுருங்கி விரியும், தண்ணீர் அப்படிச் சுருங்காது. ஆகவே கொதிகலன் எங்காவது பிளந்தாலும் ஒரு சொட்டுக் கசிவோடு அடங்கிவிடும், யாருக்கும் காயம் வராது. ஆபத்தை ஆபத்தில்லாத முறையில் வரவழைத்துப் பார்ப்பது என்று இதைச் சொல்லலாம். நமது குசினியில் இருக்கும் பிரஷர் குக்கரின் வால்வில் சோறு அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் அடுப்பில் ஏற்றுகிறோமே, அதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்தச் சங்கங்களில் அதிகம் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற ஆண்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நாங்கள் போன ஓர் இடத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, கையுறை போட்டுக்கொண்டு, தானே செய்த எஞ்சினைத் தானே ஓட்டினார். என் மகளைக் கூப்பிட்டு, நீராவியைத் திறக்கும் கைப்பிடியில் அவள் கையை வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தார். "மெல்ல, மெல்ல. அவசரப்பட்டால் சில்லு வழுக்கும்." எஞ்சின் நகர்ந்தது. பின்னாலே உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் நகர்ந்தார்கள். அன்றிரவு மகள் கைகழுவ மறுத்தாள், எண்ணெய் வாசம் போய்விடுமாம்.

கொஞ்சம் பெரிய அளவிலும் உண்டு. கென்ட் மாநிலத்தின் கடலோரத்தில் ரொம்னி, ஹைத், டிம்சேர்ச் என்ற ஊர்களின் பெயரில் ஒரு ரயில் பாதை இருக்கிறது. தண்டவாள அகலம் பதினைந்து அங்குலம், நீளம் பதின்மூன்றரை மைல். கப்டன் ஹௌவி என்ற செல்வந்தர் 1927இல் திறந்தது. பெரிய எஞ்சினின் மூன்றில் ஒரு பங்கு அளவில் எஞ்சின்கள், பெட்டிகளுக்குக் கதவும் கூரையும் உண்டு. விளையாட்டு என்று தொடங்கியதில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பல வருடம் பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறார்கள். இதை அறிந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் காலையில் எத்தனை மைல் நடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததால் வந்த பொறாமை.

அந்தப் பொறாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மிடமும் சின்னப் பாதை ஒன்று இருந்தது. விளையாட்டுக்குப் போட்டதல்ல; தேயிலைக்காகவும் மனிதருக்காகவும் போட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக இராகலை வரைக்கும் இரண்டரை அடி அகலத்தில் ஓடிய உடப்புசல்லாவைப் பாதையைத்தான் சொல்கிறேன். நுவரெலியாவுக்கு 1903இலும் இராகலைக்கு 1904இலும் வந்தது. ஏறத்தாழ பத்தொன்பது மைல். இன்று இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல என்று பொது அறிவுப் போட்டியில் எழுதிப் புள்ளி வாங்குகிறோம். அன்றைய கந்தப்பளை நிலையம் அதைவிட உயரத்தில் இருந்தது. பஸ்ஸும் லொறியும் வந்து போட்டி போட்டதில் 1940களில் அந்தப் பாதை மூடப்பட்டது. தண்டவாளங்கள் போயின. பாதை கிடந்த இடத்தில் பெரும்பகுதியை வீதியும் மரக்கறித் தோட்டமும் தேயிலையும் விழுங்கிவிட்டன.

அதற்கும் முந்திய கதை பெரிய பாதையினுடையது. 1867இல் கண்டிக்கு வந்த கோச்சி, நாவலப்பிட்டி தாண்டி மலையேறி, 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் வந்தது. 1924இல்தான் பதுளை. 44 அடி போனால் ஓர் அடி ஏற்றம் என்ற சரிவு. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம். பாறையை உடைத்தவர்களிலும் மண் சுமந்தவர்களிலும் பெரும்பாலானோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். நம்மில் பலருடைய வகுப்புத் தோழியரின் பூட்டன்மார். எங்கள் மூத்தவாப்பாவின் கடைச் சரக்கும் இதே கோச்சியில்தான் ஏறி வந்தது. அரிசி மூட்டையும் கருவாட்டுச் சிப்பமும் இறங்கும்போது மேடை முழுக்க வாசம் அடிக்கும் என்று உம்மா இப்போதும் சொல்வார். ஏறும் கோச்சியில் தேவையானது எல்லாம் வந்தது, இறங்கும் கோச்சியில் தேயிலை போனது. நீராவி இல்லாவிட்டால் ஹட்டன் பஸாரும் இல்லை, நாமும் இங்கே இல்லை.

நான் பழம்பெருமை பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். நீராவிக் காலம் இன்பமயமானது என்று சொல்பவர்கள் நெருப்புப் பெட்டிக்கு முன்னால் நின்றவர்களைக் கேட்டதில்லை. அந்த ஏற்றத்தில் முழுக் கோச்சியையும் ஏற்ற ஒரு மனிதன் எவ்வளவு நிலக்கரி அள்ளிப் போட்டிருப்பான்! பாதையோரத்து லயங்களில் உலர்த்திய துணியெல்லாம் கரியாய்ப் போனது. 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்தபோது அழுதவர்களைவிட நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களே கூட. இன்றைக்கு நிலக்கரிப் புகையை நல்லதென்று பௌதிக ஆசிரியை ஒருத்தி எழுத முடியாது. குட்டி எஞ்சின் ஒரு நாள் முழுக்க ஓட ஒரு வாளி நிலக்கரி அளவே போதும் என்பது ஒரு சமாதானம். முழுச் சமாதானம் அல்ல.

என் வாதம் நீராவியைத் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றியது அல்ல. நீராவி எஞ்சின் தன் வேலையை ஒளித்துவைக்காத இயந்திரம் என்பதே எனக்கு முக்கியம். கைபேசியைத் திறந்தால் உள்ளே ஒன்றும் அசையாது. வாகனத்தின் மூடியைத் தூக்கினால் கறுத்தப் பெட்டிகள்தான் இருக்கும். நீராவி எஞ்சினிலோ தண்டு அசைவதும், வால்வு திறப்பதும், சில்லு சுழல்வதும் பட்டப்பகலில் கண்முன்னே நடக்கிறது. "ஏன்?" என்று கேட்டால் கையால் தொட்டுக் காட்டலாம். அதிலும் குட்டி எஞ்சின் பிள்ளையின் கண்மட்டத்துக்கே இறங்கி வந்து நிற்கிறது. இயந்திரத்தைக் கண்டு பயப்படாத ஒரு பெண்பிள்ளையை வளர்க்க இதைவிட நல்ல இடம் நான் அறிந்தவரை இல்லை.

பயம் என்று ஏன் சொல்கிறேன்? இந்தக் கல்லூரியில் நான் கண்ட பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரிகள். சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ எடுத்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். உயர்தரத்துக்கு வரும்போது பௌதிக விஞ்ஞானப் பிரிவுக்கு ஒரு கைவிரல் எண்ணிக்கை. 2013இல் தொழினுட்பப் பிரிவு பாடசாலைகளுக்கு வந்தது. அதில் பொறியியல் தொழினுட்பம் படிக்கலாம் என்றால், "அது பொடியன்மாருக்கு ரீச்சர்" என்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். யாராவது சொல்லியிருந்தால் மறுத்துப் பேசலாம். யாரும் சொல்லாமலே, பத்து வருடத்தில், பூங்கா ரயிலுக்கும் உயர்தர வகுப்புக்கும் நடுவே எங்கேயோ, அந்த எண்ணம் உள்ளே இறங்கிவிடுகிறது.

நாங்கள் நாடு திரும்பியபின் மகள் கடுகண்ணாவைக்குப் போக வேண்டும் என்று நின்றாள். வீட்டில் எல்லோருமாக இருந்த ஒரு மாலையில் மாமி கேட்டார்: "பொம்புளப் புள்ளைக்கு எனத்துக்கு இந்த எஞ்சின் பைத்தியம்? கேக் அடிக்கப் பழக்கினா நாளைக்கு ஒதவும்." மாமியின் கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. நான் சொன்னேன்: "அவ கேக்கும் அடிப்பா மாமி. அவண் ஏன் கீழே எரியுது, மேலே கருகுது எண்டு நீங்க போன கிழமை கேட்டீங்களே, அதுக்கும் அவதான் பதில் செல்லணும்." மாமி சிரித்துவிட்டார். கடைசியில் கடுகண்ணாவைக்கு அவரும் வந்தார். அங்கே இருந்த ஒரு பழைய எஞ்சினின் நெருப்புக் கதவுக்குள் எட்டிப் பார்த்து, "எங்கட வாப்பா வட்டவளையில இருக்கக்குள்ள இத மாதிரி ஒண்டுலதான் ஊருக்குப் போற" என்று அரைமணி நேரம் பேசினார். அவ்வளவு கதை அவரிடம் இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. பேத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்தப் பாடநூலிலும் இல்லாதது அது.

செலவு என்று ஒரு மறுப்பு வரும். செப்புக் கொதிகலன், கடைசல் இயந்திரம் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. உண்மை. நான் எஞ்சின் செய்யச் சொல்லவில்லை, போய்ப் பார்க்கச் சொல்கிறேன். 2014 டிசம்பரில், நம் நாட்டில் ரயில் ஓடத் தொடங்கி 150 வருடம் ஆனபோது, கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஹட்டனில் காலைக் கோச்சி ஏறினால் பேராதனை வழியாக ஒரே நாளில் போய்த் திரும்பலாம். வருடந்தோறும் நாம் போகும் கல்விச் சுற்றுலாவில் கண்டியும் பேராதனைப் பூந்தோட்டமும் எப்போதும் உண்டு. கடுகண்ணாவை அங்கிருந்து கிட்டத்தான். ஆனாலும் பஸ் அதைத் தாண்டி நேரே போய்விடுகிறது. அடுத்த வருடம் பஸ்ஸை அங்கே ஒரு மணித்தியாலம் நிறுத்தும்படி அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் யாராவது இதை எழுப்பினால் எனக்குப் பலமாக இருக்கும்.

அங்கே போனால் படம் எடுப்பதை அரைமணி நேரம் ஒத்திவையுங்கள். (கோச்சியின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பதைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்த மலர் முடியும்வரை நிற்காது, விட்டுவிடுகிறேன்.) ஓர் எஞ்சினைத் தெரிவுசெய்து, நெருப்பிலிருந்து சில்லு வரைக்கும் விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். நெருப்பு எங்கே, தண்ணீர் எங்கே, ஆவி எந்த வழியாய் முன்னுக்கு வருகிறது, முன்னும் பின்னும் போகும் அசைவு எந்த இடத்தில் சுழற்சியாகிறது? எங்கே தொடர்பு அறுகிறதோ அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு, கொப்பியில் படம் கீறிக்கொண்டு வாருங்கள். பிழையாகக் கீறினாலும் பரவாயில்லை, அழித்துக் கீறலாம்.

வெளிநாடுகளில் உறவினர் உள்ள பிள்ளைகள் நம்மிடையே நிறைய. லண்டனுக்கோ மெல்பேணுக்கோ விடுமுறைக்குப் போகிறவர்கள் கடைத்தெருவுக்கு ஆறு நாள் கொடுங்கள், ஏழாம் நாள் குட்டி ரயில் ஓடும் பூங்கா கிட்ட இருக்கிறதா என்று சாச்சாவிடம் விசாரியுங்கள். நேரத்தோடு போங்கள், நெருப்பு மூட்டுமுன். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் நீலகிரி மலை ரயில் இருக்கிறது. குட்டி என்று சொல்ல முடியாது, ஆனாலும் சின்னப் பாதைதான். குன்னூர் வரைக்கும் பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. 2005இல் அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் உடப்புசல்லாவைப் பாதையை நினைத்துக்கொண்டு அதில் ஏறிப் பாருங்கள்.

எங்கும் போக முடியாதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. திருவிழாக் கடைகளில் தகரத்தாலான பட்பட் படகு விற்பார்கள். உள்ளே ஒரு சிறு மெழுகுவர்த்தி, அதற்கு மேலே தகரத்தால் ஒரு சின்னக் கொதிகலன், பின்னால் இரண்டு குழாய்கள், வேறொன்றும் இல்லை. தோமஸ் பியோ என்பவர் 1891இல் பிரித்தானியாவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் குழாய்களில் தண்ணீர் நிரப்ப வேண்டும், பிறகு மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும். ஆவி தண்ணீரை வெளியே தள்ளும், ஆவி ஒடுங்கியதும் தண்ணீர் திரும்ப உள்ளே வரும், மறுபடி தள்ளும். உள்ளே வரும்போதும் அதே அளவு தண்ணீர்தானே வருகிறது, அப்படியானால் படகு முன்னும் பின்னும் ஆடாமல் ஏன் முன்னுக்கே போகிறது? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை வீட்டில் பெரிய தட்டமொன்றில் தண்ணீர் விட்டுச் செய்து பார்க்கலாம். பக்கத்தில் வாப்பாவை இருத்திக்கொள்ளுங்கள், நெருப்புக்காக மட்டும் இல்லை. அவரும் ஒரு காலத்தில் இதைக் கேட்டிருப்பார்.